மழைக்கு முன் ஒரே மேசைக்கு வாருங்கள்

தோட்ட நிர்வாகங்களுக்கும், பிரதேச சபை உறுப்பினர்களுக்கும், கிராம உத்தியோகத்தர்களுக்கும், தொழிற்சங்கத் தோட்டத் தலைவர்மாருக்கும்,

வணக்கம்.

2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவில் லயங்கள், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள், மண்ணுக்குள் போயின. ஆபத்து உண்டென்று முன்பே எச்சரித்திருந்தார்கள். எச்சரித்தும் சனத்துக்குப் போக இடமில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலிலும் மலையகச் சரிவுகள் உயிர்களோடு இறங்கின. நீங்கள் நால்வரும் தனித்தனியே இயங்கும்வரை எந்த எச்சரிக்கையும் லயத்து வாசல் வந்து சேராது.

மண்சரிவு எச்சரிக்கை விடும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவு தெளிவானது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்து மழை விடாவிட்டால் விழிப்பு. 100 தாண்டினால் புறப்படத் தயார். 150 தாண்டினாலோ, ஒரே மணி நேரத்தில் 75 கொட்டினாலோ உடனே வெளியேற வேண்டும். ஆனால் தோட்டத்தின் மேல் டிவிசனில் (பிரிவில்) கொட்டும் மழை கீழ் டிவிசனில் தூறலாயிருக்கும். ஆகவே டிவிசனுக்கு ஒரு மழைமானி வேண்டும். நேர்ப்பக்கமுள்ள பிளாஸ்டிக் போத்தலின் தலையை வெட்டிக் கவிழ்த்துப் புனலாக்கி, அடியைச் சீமெந்தால் சமப்படுத்தி, அந்த மட்டத்தைப் பூச்சியமாக வைத்து அடிமட்டம் ஒட்டினால் போதும். இடுப்பு ஒடுங்கிய போத்தல் தப்பான கணக்குக் காட்டும். மரமோ கூரையோ எவ்வளவு உயரமோ அதைப்போல இருமடங்கு தள்ளி வையுங்கள். 75 ஆனதும் இரவிலும் மணிக்கொரு தடவை பார்க்க ஆள் வேண்டும். அவருக்கு நிர்வாகம் பெயர், அதாவது அன்றைய நாள் சம்பளம், போட வேண்டும்.

பெயர்தான் இங்கே பெரிய முடிச்சு. வெளியேறினால் அன்றைய பெயர் போகும் என்ற பயத்தில்தான் பலர் லயத்திலேயே இருந்துவிடுகிறார்கள். உடனே வெளியேறச் சொல்லும் சிவப்பு எச்சரிக்கை நாளுக்கு முழுப் பெயர் உண்டென்று நிர்வாகமும் சங்கமும் எழுத்தில் ஒப்புக்கொள்ளுங்கள். எங்கள் பார்வையில் மற்ற எல்லாவற்றையும்விட இதுவே அதிக உயிர்களைக் காக்கும்.

மழைநீர் ஓடும் கான்கள் (வடிகால்கள்) தூர்ந்து கிடக்கின்றன. ஆள் குறைந்ததால் கான் வெட்டு பின்தள்ளப்படுகிறது. ஓடவேண்டிய நீர் மலைக்குள் இறங்கி மண்ணைக் கனக்க வைக்கிறது. அட்டன், மஸ்கெலியா பக்கம் மே மாதத்துக்கு முன்பும், ஊவாவில் ஒக்டோபருக்கு முன்பும், முதலில் லயங்களுக்கு மேலே உள்ள கான்களைத் துப்புரவாக்குங்கள். குசினி பெருக்க லயத்தின் பின்சரிவைச் செங்குத்தாக வெட்டுவதைத் தலைவர்மார் தடுக்க வேண்டும். வேறு இடம் காட்டாமல் தடுப்பது நியாயமில்லை.

நிலவெடிப்பின் இருபுறமும் முளையடித்து இடைவெளியைத் தினமும் அளந்து எழுதுங்கள். வெடிப்பைக் களிமண்ணால் அடைத்துப் பொலித்தீன் விரித்தால் நீர் இறங்குவது குறையும். ஆபத்து அதோடு தீராது. இடைவெளி கூடினாலோ, பீலியில் வரும் ஊற்றுத்தண்ணீர் திடீரெனக் கலங்கினாலோ, நின்றாலோ, கதவுகள் இறுகினாலோ மழைமானியைப் பார்த்து நிற்க வேண்டாம். சனத்தை வெளியேற்றிவிட்டு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அறிவியுங்கள். மண் இறங்கத் தொடங்கினால் பள்ளத்தை நோக்கி ஓடாமல் பக்கவாட்டில் விலக வேண்டுமென்று பிள்ளைகளுக்கும் பழக்குங்கள்.

கரண்டும் போனும் செத்த இரவில் ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) சங்கோ தப்புப் பறையோதான் பேசும். எத்தனை அடி, யார் அடிப்பது என்று இப்போதே முடிவெடுங்கள். அறிவிப்பு தமிழிலும் வரவேண்டும். இது கிராம உத்தியோகத்தரின் கடமை.

பிரதேச சபைகளுக்கு: 2018ஆம் ஆண்டுப் பிரதேச சபைகள் திருத்தச் சட்டத்துக்குப் பின் தோட்டத்துக்குள் செலவிட முடியாது என்ற காரணம் செல்லாது. தங்குமிடத்துக்கான பாதை, தண்ணீர், பெண்களுக்குத் தனிக் கழிப்பறை ஆகியவற்றை அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் சேருங்கள்.

முதல் கூட்டத்துக்கு டிவிசன் வரைபடம், கர்ப்பிணிகள், முதியோர், நடக்க இயலாதோர் பட்டியல், தங்குமிடச் சாவி யாரிடம் என்ற விபரம் ஆகிய மூன்றோடும் வாருங்கள்.