ஹார்ட் டிஸ்க் பெட்டியில் இதையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டில் சேமிக்கப் பெரிய ஹார்ட் டிஸ்க் வாங்குவோர் எத்தனை டெராபைட் என்றுதான் பார்க்கிறார்கள். தகவலை எழுதும் முறை சி.எம்.ஆரா, எஸ்.எம்.ஆரா என்று கேட்பவர் குறைவு. சி.எம்.ஆர். வட்டில் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் அருகருகே இருக்கும். எஸ்.எம்.ஆர். வட்டில் தடங்கள் கூரை ஓடுபோல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். ஓரிடத்தை மாற்றி எழுதினால் பக்கத்துத் தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். எப்போதாவது காப்புப் பிரதி எடுக்க அது போதும், சரி. ரெய்டில், அதாவது ஒன்று பழுதானாலும் தகவல் போகாதபடி பல வட்டுகளைச் சேர்த்து வைக்கும் அமைப்பில் போட்டால், பழுதான வட்டை மாற்றும்போது புது வட்டில் தகவலை நிரப்பும் வேலை இழுத்துக்கொண்டே போகும். தன் ரெட் வரிசையில் சில வட்டுகள் எஸ்.எம்.ஆர். என்பதை வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் 2020இல் ஒப்புக்கொண்டது, அதுவும் பயனர்கள் கேள்வி எழுப்பிய பிறகு. எல்லா நிறுவனங்களும் இந்த விவரத்தைப் பெட்டியின் மேலேயே அச்சிட வேண்டும்.

அப்பாவின் குரல் பதிவுகளெல்லாம் என்னிடம் வட்டில்தான் இருக்கின்றன. அதனால் புது வட்டு வந்ததும் முழுக்க எழுதி, திரும்பப் படித்துப் பார்ப்பேன். 16 டெராபைட் என்றால் எழுதவே ஏறக்குறைய ஒரு நாள் ஆகும், ஆகட்டும். அப்புறம் வட்டு தன் நிலையைத் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் அறிக்கையில் 5, 197 ஆகிய எண்களுள்ள வரிகளைப் பார்ப்பேன். பழுதானதால் மாற்றி ஒதுக்கிய பகுதிகளும் சந்தேகத்துக்குரிய பகுதிகளும் எத்தனை என்று அங்கே தெரியும். புது வட்டில் பூஜ்ஜியம் இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

ரெய்டு இருப்பதால் காப்புப் பிரதி வேண்டாம் என்பவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை. ஒரே தகவலை இரண்டு வட்டில் வைத்திருந்தாலும், கைதவறி அழித்த கோப்பு இரண்டிலிருந்தும் ஒரே நேரத்தில் போய்விடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்