பயண அட்டவணையில் காற்றுக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் பயணப் பக்கங்களை விடாமல் வாசித்து வருபவர்களில் நானும் ஒருத்தி. தீவு ஒன்றை வாடகைக் காரில் தனியாகவே சுற்றிவரலாம் என்று ஊக்கமூட்டும் கட்டுரைகள் அண்மைக் காலமாகத் தமிழ் இதழ்களில் நிறைய வருகின்றன. அவற்றில் ஐஸ்லாந்துக்குச் சிறப்பான இடம் கிடைத்திருக்கிறது. அந்தத் தீவைத் தனியாகக் கார் ஓட்டிச் சுற்றிவந்தவள் என்ற முறையில் அந்த ஊக்கத்தை மனமார வரவேற்கிறேன். ஆனால் இத்தகைய கட்டுரைகள் பெரும்பாலும் நாள்வாரி அட்டவணை ஒன்றோடு முடிகின்றன. முதல் நாள் இந்த அருவி, இரண்டாம் நாள் அந்தப் பனியாறு, ஆறாம் நாளோ ஏழாம் நாளோ மீண்டும் தலைநகர் ரெய்க்யவிக் என்று வரிசை போடப்பட்டிருக்கும். இடையில் ஒரு நாள்கூட வெறுமனே விடப்பட்டிருக்காது. அங்கே தனியாக வண்டி ஓட்டுபவரை ஆபத்தில் கொண்டுபோய் நிறுத்துவது பெரும்பாலும் இந்த அட்டவணைதான் என்பதைச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

தீவைச் சுற்றும் முதலாம் எண் நெடுஞ்சாலை ஏறக்குறைய 1,320 கிலோமீட்டர் நீளமுடையது. தொலைவை மட்டும் பார்த்தால் மூன்று நான்கு நாள்களில் முடித்துவிடலாம் என்றே தோன்றும். ஆனால் அந்த வட்டம் முழுமையடைந்ததே 1974-இல்தான். வாட்னாயோகுல் என்னும் மாபெரும் பனிப்படலத்திலிருந்து தெற்கே இறங்கும் ஆறுகள், கரிய மணல்வெளியில் கிளைகிளையாகப் பிரிந்து, போக்கை மாற்றிக்கொண்டே ஓடுபவை. அவற்றின் குறுக்கே பாலம் அமைக்க முடியாமல் இருந்த காலத்தில், தென்கிழக்கே இருந்த மக்கள் காரில் தலைநகருக்கு வருவதற்குத் தீவின் வடபுறத்தையெல்லாம் சுற்றித்தான் வர வேண்டியிருந்தது. ஸ்கெய்தரா ஆற்றின் மேல் ஏறக்குறைய 900 மீட்டர் நீளப் பாலம் எழுந்த பிறகே இரு முனைகளும் இணைந்தன.

இணைந்த பிறகும் அந்தச் சாலை நிலையாக இருந்துவிடவில்லை. 1996-இல் பனிப்படலத்துக்கு அடியில் எரிமலை ஒன்று வெடித்தது. உருகிய நீர் வாரக்கணக்கில் பனிக்கடியிலேயே தேங்கியிருந்து, நவம்பர் மாதத் தொடக்கத்தில் ஒரே பெருக்காக வெளியேறி, அருகிலிருந்த ஒரு பாலத்தை அடியோடு அழித்து, ஸ்கெய்தராப் பாலத்தின் ஒரு பகுதியையும் உடைத்தது. முறுக்கிப் பிழியப்பட்ட அந்த எஃகு உத்திரங்கள் சாலையோரத்தில் நினைவுச்சின்னமாக வைக்கப்பட்டிருக்கின்றன. 2011 ஜூலையில், பயணிகள் கூட்டம் மிகுந்திருக்கும் கோடையின் நடுவில், மூலாக்விஸ்ல் ஆற்றுப் பாலத்தைப் பனியாற்று வெள்ளம் கொண்டுபோயிற்று. தற்காலிகப் பாலம் எழும்ப ஏறக்குறைய ஒரு வாரம் ஆயிற்று. இதற்கிடையே ஸ்கெய்தராவுக்கு நீர் தந்த பனியாறு பின்வாங்கி, ஆறு வேறு பக்கம் திரும்பிவிட்டதால், நாட்டின் மிக நீண்ட பாலம் வறண்ட மணல் மீது நின்றது. 2017-இல் சாலையையே பக்கத்தில் ஒரு சிறிய பாலத்துக்கு மாற்றிவிட்டார்கள். இத்தகைய நிலத்தில் 'நான்காம் நாள் பிற்பகல் இன்ன ஊர்' என்று அச்சிட்டுத் தருவது வாசகருக்குச் செய்யும் உதவியாகாது.

வெள்ளம் அரிதாக வருவது. காற்று அப்படியன்று. அந்நாட்டு வானிலை அறிக்கையில் காற்றின் வேகம் நொடிக்கு இத்தனை மீட்டர் என்று தரப்படுகிறது. நம்மவர்கள் 20 என்ற எண்ணைப் பார்த்ததும் மணிக்கு 20 கிலோமீட்டர் என்று எண்ணி நிம்மதியடைய வாய்ப்புண்டு. நொடிக்கு 20 மீட்டர் என்பது மணிக்கு 72 கிலோமீட்டர்; 30 மீட்டர் என்பது 108 கிலோமீட்டர். அதுவும் சீராக வீசுவதில்லை. தெற்கே எய்யாஃப்யோல் மலையடிவாரத்திலும், கிழக்கே தள்ளி ஓரைவிப் பகுதியிலும், மலைமுகடுகளைத் தாண்டிக் கீழிறங்கும் காற்று திடீர் திடீரென்று பக்கவாட்டில் வந்து மோதுகிறது. மலையின் மறைவில் அமைதியாக ஓடிக்கொண்டிருந்த வண்டி, அடுத்த வளைவைக் கடந்ததும் ஒரு முழு ஆள் தள்ளுவதைப் போலச் சாலையின் ஓரத்துக்கு நகர்கிறது. உயரமான வேன்களும் படுக்கை வசதியுள்ள வண்டிகளும் இக்காற்றில் கவிழ்கின்றன. மிர்தால்ஸ் மணல்வெளியில் எழும் மணற்புயல் காரின் வண்ணப்பூச்சையும் கண்ணாடியையும் அரித்துவிடும். காற்று மிகும்போது முதலாம் எண் நெடுஞ்சாலையின் இப்பகுதிகளையே அதிகாரிகள் தடுப்பிட்டு மூடிவிடுகிறார்கள்.

காற்றால் அடிக்கடி நேரும் இழப்பு காரின் கதவில்தான். பின்னாலிருந்து வீசும் காற்றில் கதவைத் திறந்தால், அது கையிலிருந்து பறிபோய் முன்புறமாக மடிந்து கீல்களே வளைந்துவிடும். வழக்கமான மோதல் காப்பீட்டில் இந்தச் சேதம் பெரும்பாலும் சேராது. மணல், சாம்பல் சேதத்துக்கும் தனிக் காப்பீடு எடுக்க வேண்டும். காரின் முகப்பு காற்று வரும் திசையைப் பார்த்து இருக்குமாறு நிறுத்தி, கதவை இறுகப் பிடித்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒரு கதவை மட்டும் திறந்தால் போதும், இது நேராது. ஆறு வரிகளில் எழுதிவிடக்கூடிய இந்தச் செய்தியை நான் வாசித்த எந்தத் தமிழ்ப் பயணக் கட்டுரையிலும் காணவில்லை என்பதை வருத்தத்தோடு குறிப்பிடுகிறேன்.

தனியாகச் செல்பவருக்கும் அட்டவணைக்கும் உள்ள தொடர்பு இங்கேதான் வருகிறது. இருவர் செல்லும் வண்டியில், 'இன்றைக்குப் போக வேண்டாமே' என்று சொல்ல இன்னொருவர் இருக்கிறார். தனியாக இருப்பவரிடம் பேசுவது, முன்பணம் கட்டிய அடுத்த ஊர் அறையும் காரைத் திருப்பித் தர வேண்டிய தேதியும் மட்டுமே. கோடையில் இருட்டும்கூட வந்து தடுப்பதில்லை. ஜூன் 21-ஐ ஒட்டிய நாள்களில் ரெய்க்யவிக்கில் நள்ளிரவு கடந்துதான் சூரியன் மறைகிறது. மூன்று மணிக்குள் மீண்டும் எழுந்துவிடுகிறது. இரவு பதினோரு மணிக்குப் பகல்போல் வெளிச்சம் இருக்கும்போது, உடல் களைத்திருப்பதை மனம் ஒப்புக்கொள்ளாது. இன்னும் நூறு கிலோமீட்டர் போய்விடலாம் என்றே நினைக்கும். மாற்றி ஓட்ட ஆளில்லாதவர், வெளிச்சத்தை நம்பாமல் கடிகாரத்தைப் பார்த்து வண்டியை நிறுத்த வேண்டும். டிசம்பரிலோ இதற்கு நேர்மாறாக, நான்கு மணி நேரம் சற்றே கூடுதலாகத்தான் பகல் இருக்கிறது. பனிச்சாலையில் ஓட்டிப் பழகாதவர் அம்மாதத்தில் தனியாக முழு வட்டம் புறப்படக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

தென்கிழக்கே ஹோஃப்ன் துறைமுக ஊரில், காற்று எச்சரிக்கை மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்கு மாறிய வேளையில், புறப்படாமல் தங்கிவிடுவது என்று நான் முடிவு செய்தேன். அதனால் வடக்கே மீவாட்ன் ஏரிப் பகுதியில் ஓர் இரவுக்குக் கட்டிய பணம் போயிற்று. ஆனால் மறுநாள் தெளிந்த வானத்தின் கீழ், கிழக்குக் கடற்கிளைகளை ஒட்டி, விரும்பிய இடத்திலெல்லாம் நிறுத்தி நிறுத்திச் சென்ற அந்தப் பயணம் எனக்கு முழுதாகக் கிடைத்தது. தனியாகச் செல்வதன் பெரும்பேறு அதுதான். ஒரு திருப்பத்தில் நின்று, யாரையும் காக்க வைக்கிறோமே என்ற கூச்சமின்றி, மேகம் விலகும் வரை காத்திருந்து மலையைப் பார்க்கலாம். நாள்வாரி அட்டவணை இந்தப் பேற்றையும் பறித்துவிடுகிறது என்பதால்தான் இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன்.

இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்கள் வலப்பக்கத்துக்கு மாறுவது பற்றிப் பலரும் அஞ்சுகிறார்கள். ஐஸ்லாந்தே 1968 மே 26 அன்றுதான் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது. நாம் மாறிக்கொள்வதற்கும் அதிக நேரம் ஆகாது. ஆள் நடமாட்டமில்லாத சாலையில் எதிரே வண்டி எதுவும் வராத நேரத்தில்தான் பழைய பழக்கம் திரும்பிவரும் என்பதால் அப்போது கூடுதல் விழிப்பு தேவை. நகரத்தில் இரண்டு தடங்கள் கொண்ட ரவுண்டானாக்களில் உள்தடத்தில் இருப்பவருக்கே முன்னுரிமை. வெளித்தடத்தில் இருப்பவர் அவர் வெளியேற வழிவிட வேண்டும். முகப்பு விளக்குகள் பகலிலும் எரிய வேண்டும் என்பது சட்டம். ஊருக்கு வெளியே தார்ச்சாலையில் 90, சரளைச் சாலையில் 80 கிலோமீட்டர் வேகம் என்பது உச்ச வரம்பேயன்றி, அந்த வேகத்தில்தான் ஓட்ட வேண்டும் என்ற பொருளில்லை. தாரிலிருந்து சரளைக்கு மாறும் இடத்தில் வேகத்தைக் குறைக்காதவர்களின் வண்டிகள் உருண்டிருக்கின்றன.

முதலாம் எண் நெடுஞ்சாலையில், ஒரு வண்டி செல்லும் அகலமே உள்ள ஒற்றை வழிப் பாலங்கள் இன்னும் பல இருக்கின்றன. முதலில் பாலத்தை அடைபவர் முதலில் செல்லலாம் என்பது முறை. ஆனாலும் எதிரே வருபவர் நிற்கப் போகிறாரா என்று உறுதியாகத் தெரியும் வரை நாமே நின்றுவிடுவது நல்லது. 2018 டிசம்பரில் நூப்ஸ்வோட்ன் ஆற்றின் ஒற்றை வழிப் பாலத்தில், பிரிட்டனிலிருந்து வந்த இந்திய வம்சாவளிக் குடும்பம் சென்ற வண்டி கைப்பிடியை உடைத்துக்கொண்டு கீழே விழுந்ததில், ஒரு குழந்தை உட்பட மூவர் உயிரிழந்தனர். பின்னர் அங்கே இருவழிப் பாலம் கட்டப்பட்டது. அந்தச் செய்தியை நம் இதழ்களும் வெளியிட்டன. ஆனால் பயணப் பக்கங்களில் அந்தப் பாலங்களைப் பற்றி ஒரு சொல்லும் வருவதில்லை.

வழிகாட்டும் செயலி சொல்லும் குறுக்குவழிகளைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். கிழக்கே பெரூஃபியோர்துர் கடற்கிளையின் தலைப்பகுதியில் ஓக்சி என்ற மலைச்சாலை பிரிகிறது. கடற்கரையைச் சுற்றாமல் எகில்ஸ்ஸ்டாதிர் ஊரை அடைய அது பல கிலோமீட்டர்களை மிச்சப்படுத்தும். ஆகவே செயலி அதையே முன்வைக்கும். செங்குத்தான சரளைச் சாலை அது, மூடுபனி இறங்கினால் முன்னால் இருப்பது எதுவும் தெரியாது, குளிர்காலத்தில் மூடியிருக்கும். உள்நாட்டு மேட்டுநிலத்துக்குச் செல்லும், எண்ணுக்கு முன் 'எஃப்' என்ற எழுத்துள்ள சாலைகளில் நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டிகள் மட்டுமே செல்லலாம். அங்கே பாலமில்லாத ஆறுகளைக் கடக்க நேரும். நீரில் இறங்கியதால் எஞ்சினுக்கு நேரும் சேதத்தை வாடகை நிறுவனத்தின் காப்பீடு ஏற்பதில்லை. துணைக்கு வேறு வண்டியில்லாமல் தனியாக அங்கே போகவே வேண்டாம். சாலையை விட்டு இறங்கி நிலத்தில் ஓட்டுவது எங்கும் குற்றம். சக்கரம் கிழித்த பாசி மீண்டும் வளரப் பல பத்தாண்டுகள் ஆகும்.

வாடகைக் காரைப் பெறும்போது ஒவ்வொரு கீறலையும், சக்கரங்களையும், முன்கண்ணாடியையும் படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அகுரேரி நகருக்குக் கிழக்கே 2018 இறுதியில் திறக்கப்பட்ட 7.4 கிலோமீட்டர் சுரங்கப்பாதையில் சுங்கச்சாவடி இல்லை. கட்டணத்தை இணையத்தில் நாமே செலுத்த வேண்டும், தவறினால் அது வாடகை நிறுவனத்தின் வழியாகக் கூடுதல் கட்டணத்தோடு வந்துசேரும்.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் இது. இனி இத்தகைய கட்டுரைகளை வெளியிடும்போது நாள்வாரி அட்டவணைக்குப் பதிலாக, குறைந்தது இரண்டு நாள்களை எந்த ஊருக்கும் ஒதுக்காமல் விடச் சொல்லுங்கள். ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் அறைகளையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். வட்டத்தை முடித்தே ஆக வேண்டியதில்லை என்றும், ரெய்க்யவிக்கிலிருந்து யோகுல்சார்லோன் பனிக்கட்டி ஏரி வரை ஏறக்குறைய 370 கிலோமீட்டர் சென்று அதே வழியில் திரும்பினாலும் அது நிறைவான பயணமே என்றும் எழுதுங்கள். சாலை நிலவரத்தை அந்நாட்டுச் சாலைத் துறை 1777 என்ற எண்ணிலும் தன் இணைய வரைபடத்திலும் தருகிறது. புறப்படும் ஒவ்வொரு காலையும், வழியில் ஒருமுறையும் அதைப் பார்க்க வேண்டும். அவசர உதவிக்கான எண் 112. அதற்கான செயலி நாம் இருக்கும் இடத்தையும் சேர்த்து அனுப்பும். மீட்புப் பணியில் ஈடுபடும் தன்னார்வலர் அமைப்பின் இணையதளத்தில் பயணத் திட்டத்தைப் பதிந்து வைக்கலாம். தனியாகச் செல்பவர் அதைச் செய்யாமல் நகரைவிட்டுப் புறப்படவே கூடாது. இந்த விவரங்களைப் படங்களுக்குக் கீழே சிறு எழுத்தில் அடக்கிவிடாமல், கட்டுரையின் முதல் பத்திகளிலேயே இடம்பெறச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் வாசகி ஒருவர்