வளையத்தில் இருப்பது மாலுமியின் பெயர் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சென்னை மீது குண்டு வீசியது பற்றிய உங்கள் கட்டுரை நன்றாக இருந்தது. கூடவே ஜெர்மனியின் போர் விருதான இரும்புச் சிலுவைப் பதக்கம் ஒன்றின் படம் போட்டு, 'நாடா கோக்கும் வளையத்தில் உள்ள கே.ஓ. என்பது இதைப் பெற்ற மாலுமியின் பெயரின் முதல் எழுத்துகள்' என்று குறிப்பு கொடுத்திருந்தீர்கள். அது தவறு. பழைய நாணயம், பதக்கம் சேர்ப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

கே.ஓ. என்பது பெர்லினில் இருந்த அரச நாணயச்சாலையின் முத்திரை. பதக்கத்தைச் செய்தது யார் என்பதைத்தான் அது சொல்கிறது. அணிந்தவரைப் பற்றி எதுவும் சொல்லாது. முதல் உலகப் போரில் இரண்டாம் வகுப்புச் சிலுவை மட்டும் சுமார் 50 லட்சம் கொடுக்கப்பட்டது. ஒரே இடத்தில் செய்து முடிகிற காரியமா? பெர்லின், நகைத் தொழிலுக்குப் பேர்போன ஃபோர்ட்ஸ்ஹைம் என்று பல ஊர்ப் பட்டறைகள் செய்தன. 'சி.டி. 800' என்று இருந்தால் ஃபோர்ட்ஸ்ஹைமின் கார்ல் டில்லேனியுஸ். அந்த 800-ஐ வரிசை எண் என்று நினைத்துக்கொள்கிறவர்கள் நிறைய. நம் நகையில் 916 மாதிரி அது வெள்ளியின் தரம். நடுவில் கருப்பு பூசிய இரும்புத் தகடு, சுற்றிலும் வெள்ளிச் சட்டம், இதுதான் பதக்கத்தின் அமைப்பு.

ஆனால் முதல் போர்ச் சிலுவைகளில் முத்திரையே இல்லாதவை ஏராளம். அங்கேதான் உண்மையான வேலை தொடங்குகிறது. முன்பக்கம் மேலே கிரீடம், நடுவில் பேரரசர் வில்ஹெல்மைக் குறிக்கும் 'டபிள்யூ', கீழே 1914. ஒவ்வொரு பட்டறையும் தன் அச்சைத் தானே வெட்டிக்கொண்டதால், லென்ஸ் வைத்துப் பார்த்தால் எதுவும் ஒன்றுபோல் இருக்காது. ஒன்றில் கிரீடம் அகன்றிருக்கும், இன்னொன்றில் 4-இன் குறுக்குக்கோடு நீண்டிருக்கும், வேறொன்றில் சட்டத்து மணிவரிசையில் ஒரு மணி நசுங்கியிருக்கும். முத்திரை உள்ள ஒன்றை அருகில் வைத்து இதையெல்லாம் ஒப்பிட்டு, 'இதுவும் அதே அச்சு' என்று சொல்லும்போதுதான் செய்தவர் யார் என்று நம்பலாம். முத்திரையை மட்டும் நம்பக் கூடாது. சின்ன உளி இருந்தால் யாரும் இரண்டு எழுத்தைக் குத்திவிடலாம். கிரீடத்தின் வளைவைத் திருடுவது அவ்வளவு லேசில்லை.

இரண்டாம் போரின்போது எழுத்துகளோடு எண்களும் வந்தன. அரசுக்குச் செய்து கொடுத்த பதக்கத்தில் வெறும் எண். 1941-க்குப் பின் கடையில் விற்றதில் 'எல்' போட்டு ஓர் எண். பெர்லின் யுங்கர் நிறுவனத்துக்கு 2, எல்/12 என இரண்டும் உண்டு. லூடன்ஷைட் ஊரின் டாய்மர் என்றால் 3, எல்/11. இரண்டு எண்ணைப் பார்த்து இரண்டு நிறுவனம் என்று எண்ணிவிடுவார்கள்.

அப்புறம் இன்னொரு சிக்கல். முத்திரை செய்தவரைச் சொல்லும், செய்த காலத்தைச் சொல்லாது. எல்/58 எண்ணுக்குரிய வியன்னாவின் சூவால் நிறுவனம் போர் முடிந்த பிறகும் பதக்கங்கள் செய்து விற்றது. 1957-இல் மேற்கு ஜெர்மனி சுவஸ்திகா இல்லாத வடிவத்தை அணிய அனுமதித்தபோது, பழைய நிறுவனங்களில் ஒன்றான ஷ்டைன்ஹவர் அண்ட் லூக்கே அவற்றையும் தயாரித்தது. ஆக, நிறுவனம் அசல், முத்திரையும் அசல், பதக்கம் மட்டும் போரைப் பார்த்திருக்காது. ஏலத்தில் பணம் போகிற இடம் இதுதான்.

சரி, எம்டனுக்கு வருகிறேன். கேப்டன் ஃபான் முல்லரும் அவருடைய ஆட்களும் இரும்புச் சிலுவை பெற்றது உண்மை. ஆனால் அரசு அந்தச் சிலுவைகளில் பெயர் பொறித்துக் கொடுக்கவில்லை. எனவே வழங்கிய சான்றிதழ் கையில் இல்லாமல் 'இது எம்டன் மாலுமியுடையது' என்று யார் சொன்னாலும் அது வெறும் வாய்ப்பேச்சு. உங்கள் படத்தில் உள்ளது 50 லட்சத்தில் ஒன்று. யார் மார்பில் இருந்ததோ, தெரியாது.

எம்டனோடு சந்தேகமின்றிச் சேர்ந்த பதக்கம் வேண்டுமென்றால் ஒன்று இருக்கிறது. கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னியிடம் அடிபட்டுக் கரைதட்டிய எம்டனிலிருந்து எடுத்த மெக்சிகோ வெள்ளி நாணயங்களில், சிட்னி நகரத்து நகைக்கடைக்காரர் டபிள்யூ. கெர் மேலே கிரீடம் வைத்துச் செய்தது. நாள் நவம்பர் 9, 1914 என்பதும், சிட்னி, எம்டன் என்ற இரு கப்பல்களின் பெயரும் அதிலேயே இருக்கும். அடுத்த இதழில் திருத்தம் போடும்போது அதன் படத்தையும் வெளியிட்டால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி.