கோப்பையின் மேல் எழுதியிருப்பது

கிளீவ்லாந்து, அமெரிக்கா,
22.1.1995

அன்புள்ள அப்பாவுக்கு மகன் எழுதுவது. இங்கு நான் நலம். உங்கள் நலமும், அம்மா, ஆச்சி, தங்கை, அவள் பையன் சின்னவன் எல்லோருடைய நலமும் அறிய ஆவல்.

கார்த்திகையில் நீங்கள் போட்ட கடிதம் என் கைக்கு வந்து ஆறு வாரம் ஆகிவிட்டது. பொங்கலுக்குள்ளாவது பதில் போட்டுவிட வேண்டும் என்று நினைத்து, அதையும் தவறவிட்டேன். அம்மா தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் வந்து நிற்கிறாள் என்று நீங்கள் எழுதியிருந்த வரியைப் படித்தபோது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. மன்னிக்க வேண்டும்.

கடிதத்தோடு நீங்கள் வைத்து அனுப்பிய பத்திரிகைத் துண்டைப் படித்தேன். காப்பி கொட்டியதற்காக ஒரு கிழவிக்குக் கோடிக்கணக்கில் பணம் கொடுத்துவிட்டார்கள் என்ற அந்தச் செய்தியின் ஓரத்தில், “காப்பி சுடும் என்பதைக்கூட எழுதி ஒட்டினால்தான் தெரியும் என்கிற ஊரிலா நீ இருக்கிறாய்?” என்று கேட்டிருந்தீர்கள். வந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். தலைமுடி உலர்த்தும் கருவியில், தூங்கும்போது இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று எழுதியிருக்கிறது. செருப்புப் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சுவதற்காகப் போட்டிருக்கும் சின்னப் பொட்டலத்தில், இதைத் தின்னாதீர்கள் என்று இருக்கிறது. பஜ்ஜியைத் தின்று முடித்த கையோடு, அது மடித்து வந்த காகிதத்தையும் விரித்து ஒரு வரி விடாமல் படிக்கும் உங்கள் பழக்கம் எனக்கும் இருப்பதால், இரவில் சாப்பிடும்போது எதிரில் எந்த டப்பா இருக்கிறதோ அதைப் படித்து முடித்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.

இந்த எழுத்துகளை வேறு விதமாகப் பார்க்க எனக்குக் கற்றுக் கொடுத்தவர் எதிர்வீட்டுப் பெரியவர். நான் முன்பே எழுதியிருக்கிறேனே, எஃகு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அவரேதான். எந்தப் பொருள் வாங்கினாலும் அதனோடு வரும் தாளை வாசலிலேயே நின்று முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்த பிறகே பொருளை வீட்டுக்குள் எடுத்துச் செல்வார். அவருடைய இடக்கையில் இரண்டு விரல்கள் பாதிக்கு மேல் இல்லை. காரணத்தை நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

நான் வந்த வாரத்தில் வாங்கிய மெத்தையின் ஓரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைத் துணிச் சீட்டு தைத்திருந்தது. இதை அகற்றுவது சட்டப்படி தண்டனைக்குரியது என்று அதில் பார்த்தவுடன் பயந்து, கழுத்தில் உறுத்தினாலும் பரவாயில்லை என்று ஐந்து மாதம் அதைத் தொடாமலே படுத்திருந்தேன். வாங்கியவர் மட்டும் அகற்றலாம் என்று அதே சீட்டில் இருந்ததைப் பெரியவர்தான் காட்டினார். முன்பெல்லாம் கந்தல் துணியையும் நோயாளிகள் படுத்த பழைய மெத்தையின் பஞ்சையும் உள்ளே அடைத்துப் புதிது என்று விற்றிருக்கிறார்கள். அதனால்தான் உள்ளே இருப்பது என்ன என்று எழுதித் தைக்க வேண்டும், விற்கும்வரை அதை எவரும் பிய்க்கக் கூடாது என்று சட்டம் வந்திருக்கிறது. நம் வீட்டில் மெத்தை தைக்கிறவர் திண்ணையில் உட்கார்ந்து, ஆச்சியின் கண்முன்னால் இலவம்பஞ்சை அடித்து நிரப்புவார். ஆச்சி கொட்டையைப் பொறுக்கி எடுத்து அவரிடமே காட்டிச் சண்டை போடுவாள். தைத்தவரின் முகம் தெரியாத ஊரில் அந்தச் சீட்டுதான் ஆச்சியின் வேலையைச் செய்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி அந்தக் காப்பி விஷயம். பத்திரிகைத் துண்டில் வந்தது மிகச் சுருக்கம், அப்பா. அந்த அம்மாளுக்கு அப்போது வயது 79. 1992 பிப்ரவரியில், நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்பகர்க்கி நகரில், மெக்டொனால்ட்ஸ் கடையில் காப்பி வாங்கிக்கொண்டு பேரனுடைய காரில் உட்கார்ந்திருந்தார். கார் ஓடிக்கொண்டிருக்கவில்லை, நின்றுகொண்டிருந்தது. பாலும் சர்க்கரையும் சேர்ப்பதற்காகக் கோப்பையை முழங்கால்களுக்கு நடுவில் வைத்து மூடியைத் திறந்தபோது காப்பி முழுவதும் மடியில் கொட்டிவிட்டது. உடுத்தியிருந்த துணி அதை உறிஞ்சிச் சூட்டை உடம்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டதால் தோல் அடிவரை வெந்துபோய், எட்டு நாள் மருத்துவமனையில் வைத்து, வேறு இடத்துத் தோலை எடுத்து ஒட்ட வேண்டியிருந்திருக்கிறது. 82 முதல் 88 டிகிரி வரையிலான சூட்டில் காப்பியை வைத்து விற்றிருக்கிறார்கள். அதற்கு முந்திய பத்து ஆண்டுகளில் எழுநூறு பேருக்கு மேல் சுட்டுவிட்டது என்று அந்த நிறுவனத்திடம் முறையிட்டிருந்தார்கள். அவர் முதலில் கேட்டது 20,000 டாலர்தான். அவர்கள் தர முன்வந்தது 800 டாலர். அதன் பிறகுதான் வழக்கு. சென்ற ஆண்டு ஆகஸ்டில் ஜூரிகள், அதாவது பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுத்த நடுவர்கள், சொன்ன தொகை நம் கணக்கில் ஏறக்குறைய ஒன்பது கோடி ரூபாய் வருகிறது என்பது உண்மைதான். ஆனால் நீதிபதி அதை 6,40,000 டாலராகக் குறைத்துவிட்டார், பிறகு இரு தரப்பாரும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டார்கள். அந்த அம்மாள் மீதும் இருபது விழுக்காடு தவறு இருக்கிறது என்று சொன்னவர்களும் அதே ஜூரிகள்தாம். இன்னொன்றையும் நீங்கள் கவனிக்க வேண்டும்: அந்தக் கோப்பையில் எச்சரிக்கை ஏற்கெனவே இருந்திருக்கிறது. அது கண்ணில் படும்படி பெரியதாக இல்லை என்பதுதான் ஜூரிகளின் முடிவு.

இங்கே காப்பியைக் காகிதக் கோப்பையில் மூடி போட்டுத் தருகிறார்கள். ஆவி வெளியே தெரியாது, ஆற்றுவதற்கு டவரா கிடையாது. அம்மா டம்ளரை நீட்டும்போதே “சூடு, பார்த்து” என்று சொல்லிக்கொண்டேதான் நீட்டுவாள். அதையும் மீறி நீங்கள் இரண்டு தடவை ஆற்றாமல் வாயில் வைக்க மாட்டீர்கள்.

பொங்கலன்று காலையில் பெருமாள் கோயில் மணிச் சத்தம் கேட்டது போல் இருந்து விழித்துவிட்டேன். ஜன்னலுக்கு வெளியே முழங்கால் அளவுக்குப் பனி. மின்சார அடுப்பில் பாலை ஏற்றி, கிழக்கு எது என்று பார்த்து நின்றுகொண்டு, பொங்கி வரும்போது மெதுவான குரலில் பொங்கலோ பொங்கல் என்று சொன்னேன். பால் வழிந்து கம்பிச் சுருளில் விழுந்து புகைந்ததும், கூரையில் இருக்கும் புகை மணி அலற ஆரம்பித்துவிட்டது. பெரியவர் சட்டையின் மேல் கோட்டுகூடப் போடாமல் பனியில் ஓடி வந்தார். பால் பொங்கி வழிவதுதான் இன்று நல்லது என்று அவருக்கு விளக்க முயன்றேன், ஆனால் பேச்சு வரவில்லை. அவர் நாற்காலியில் ஏறி மணியை நிறுத்திவிட்டு, வெகு நேரம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பனங்கிழங்கு அவித்த வாசனையும், தாமிரபரணியில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு நீங்கள் உள்ளே வருவதும் அன்று முழுவதும் என் மனத்தில் இருந்தன. இதை அம்மாவிடம் படித்துக் காட்ட வேண்டாம்.

படிகளில் பனி உறையாமல் இருக்கத் தூவும் உப்பை வைத்துக்கொள்ள, பெரியவர் எனக்கு ஒரு பெரிய பிளாஸ்டிக் வாளி கொடுத்தார். ஏறக்குறைய பத்தொன்பது லிட்டர் பிடிக்கும். அதன் பக்கத்தில், ஒரு குழந்தை தலைகீழாக வாளிக்குள் விழும் படம் போட்டு, குழந்தை மூழ்கிவிடும் என்று ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் எழுதியிருந்தது. தவழ்ந்து எழுந்து நிற்கப் பழகும் வயதில் குழந்தைக்குத் தலைப்பக்கம்தான் கனம் அதிகம். எட்டிப் பார்த்து உள்ளே விழுந்தால் அதனால் எழ முடியாது. தண்ணீர் உள்ள வாளியும் கவிழாது, சத்தமும் வராது. பத்தாண்டுகளுக்குள் இந்த நாட்டில் இருநூறு குழந்தைகளுக்கு மேல் இப்படி இறந்திருக்கிறார்கள். அந்த வாளியைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குச் சின்னவன் நினைவுதான் வந்தது. அவன் நடக்க ஆரம்பித்துவிட்டான் என்று எழுதியிருந்தீர்கள்.

ஆகையால் அப்பா, குளியலறையில் இரவு பிடித்து வைக்கும் வாளியைக் கவிழ்த்துவிட்டுத்தான் படுக்க வேண்டும் என்று தங்கையிடம் சொல்லுங்கள். அடுப்படியில் மண்ணெண்ணெயைப் பழைய கலர் பாட்டிலில் ஊற்றி வைக்கும் வழக்கத்தை அம்மா விட்டுவிட வேண்டும். அவனுக்குக் கலர் எது, எண்ணெய் எது என்று தெரியாது. டின்னில் ஊற்றிப் பரணில் வைத்துவிடட்டும். ஆச்சியின் மாத்திரைகளைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துப் பீரோவுக்குள் வையுங்கள்.

கிணற்றின் கைப்பிடிச் சுவரைப் பற்றி நான் போன ஆண்டே சொன்னேன். கொத்தனார் சுவரை ஒன்றரை அடி உயர்த்தி மேலே இரும்பு வலை போட நாலாயிரம் கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு வேலை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாறிக்கொண்டிருக்கிற நேரம் என்பதால், நான் அனுப்பும் இம்மாதப் பண டிராப்ட் பங்குனிக்குத்தான் வரும். அதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். அதுவரை காத்திருக்காமல், மாமாவிடம் கேட்டு வாங்கி, வலையை மட்டுமாவது உடனே போட்டுவிடுங்கள். சுவரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மாமாவுக்கு நானும் தனியாக எழுதுகிறேன். தங்கையின் இரண்டாவது பேறுகாலத்துக்கு மாப்பிள்ளை எப்போது விடுப்பு எடுக்கிறார், ஆச்சிக்குக் கண் அறுவை எந்தத் தேதியில் என்பதை அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். வலை போட்டு முடித்ததும் அதையும் ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் மகன்