வாசல் வெயில் இல்லாத கடை

அன்பு மகள் கயலுக்கு,

கோவை மாலில் நீ எடுத்திருக்கும் துணிக்கடையின் வரைபடம் வந்தது. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

முப்பது வருஷம் மதுரை விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடைகளுக்கு ரேக்கும் கல்லாப்பெட்டியும் செய்தவன் நான். அங்கே புடவையைக் கையில் எடுத்த பெண்கள் யாரையும் கேட்காமல் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார்கள். ட்யூப்லைட்டில் கருப்பாகத் தெரிந்தது வெயிலில் கருநீலமாக இருக்கும். அதைப் பார்த்த பிறகுதான் விலைப்பேச்சே. உன் கடைக்கு வாசல் உண்டு, வெயில் கிடையாது. வெளியே வந்து பார்த்தாலும் மாலின் விளக்குதான். அந்த வெயிலை நீதான் உள்ளே கொண்டுவர வேண்டும்.

முகப்புக்கு இவ்வளவு பணமும் விளக்குக்கு மிச்சம் மீதியும் என்று போட்டிருக்கிறாய். அதைத் திருப்பிப் போடு. விளக்கு வாங்கும்போது எத்தனை வாட்ஸ் என்பதோடு சி.ஆர்.ஐ. எவ்வளவு என்றும் கேள். நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான அளவு அது, 100 வரை போகும். துணிக்கடைக்கு 90க்குக் கீழே வேண்டாம். வெளிச்சம் மஞ்சளா வெள்ளையா என்பதைக் கெல்வின் கணக்கில் சொல்வார்கள், 4000 கெல்வின் பக்கம் வாங்கு. 3000 என்றால் வெள்ளைச் சட்டை மஞ்சளடிக்கும், 6500 போனால் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். இது என் கண்ணின் கணக்கு.

டிரையல் ரூமில் தலைக்கு நேர் மேலே ஸ்பாட்லைட் வைக்காதே. ஒரு கடைக்கு நானே அப்படிச் செய்து கொடுத்து, உன் அம்மாவைப் பெருமையாகக் கூட்டிப்போய்க் காட்டினேன். திரையை விலக்கி வெளியே வந்தவள், "எனக்கு ஏதோ காய்ச்சல் வரப்போகுது போலிருக்கே" என்றாள். கண்ணுக்குக் கீழே அவ்வளவு நிழல். மறுநாளே என் செலவில் மாற்றினேன். கண்ணாடியின் இரண்டு பக்கமும் நெடுக விளக்கு வரட்டும். கொக்கி இரண்டு, பை வைக்க ஒரு சின்னப் பலகை.

ஹேங்கர் ரேக்குக்கு 20 அங்குல ஆழம் போட்டிருக்கிறார்கள். இரண்டடி வேண்டும், இல்லாவிட்டால் சட்டைக் கைகள் நடைபாதையில் நீட்டிக்கொண்டு நிற்கும். கூரையில் தீயணைப்புத் தண்ணீர் வரும் ஸ்பிரிங்க்ளருக்குக் கீழே ஒன்றரையடி காலியாக இருக்கட்டும். தீபாவளிச் சரக்கு வந்ததும் அட்டைப்பெட்டியை அங்கேதான் அடுக்கத் தோன்றும்.

மால்காரர்கள் தச்சுவேலைக்குப் பெரும்பாலும் ராத்திரியில்தான் விடுவார்கள். பலகையைப் பட்டறையிலேயே அறுத்து லேமினேட் ஒட்டி, அங்கே போய் மாட்டுவது மட்டும் இருக்கும்படி பார்த்துக்கொள். வாடகை எந்தத் தேதியிலிருந்து ஓடும் என்று ஒப்பந்தத்தில் இன்னொரு முறை படி. வேலை முடியாவிட்டாலும் அது ஓடும்.

நான் வரும்போது ரசமட்டம் கொண்டுவருகிறேன். புதுக் கட்டடம்தானே என்று தரையை நம்பாதே.

பார்சலில் ஒரு அரக்குச் சுங்குடி இருக்கிறது. விளக்குக் கடையில் அதை விரித்துப் பார், அப்புறம் தெருவுக்கு எடுத்துப்போய்ப் பார். இரண்டு இடத்திலும் அதே அரக்காக இருந்தால் அந்த விளக்கை வாங்கு. சேலையைச் சீக்கிரம் திருப்பி அனுப்பு, அம்மாவிடம் சொல்லாமல் எடுத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா