மட்டுவில் நிலையத்துக்கு வேறு வேலை கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மராட்சிப் பகுதியில் உள்ள மட்டுவிலில், மரக்கறி மொத்த விற்பனைக்கென 2022ஆம் ஆண்டு திறந்து வைக்கப்பட்ட பொருளாதார மத்திய நிலையம் நீண்ட காலம் இயங்காமல் கிடந்ததற்குப் பலரும் பல காரணங்களைச் சொல்லி வருகின்றனர். வியாபாரிகள் வர மறுத்தார்கள் என்பார் ஒருவர். கமக்காரர்கள் பழைய சந்தைகளை விட்டு வர விரும்பவில்லை என்பார் இன்னொருவர். கூட்டுறவுப் பண்டசாலைகளில் பொருட்களின் வரவையும் அனுப்புகையையும் கவனித்தே வேலைக்காலத்தைக் கழித்தவன் என்ற முறையில், இவற்றுக்கெல்லாம் முந்திய காரணம் ஒன்று இருப்பதாக நான் கருதுகிறேன். எந்தத் தோட்டத்திலிருந்து எந்த ஊருக்கு, எந்தப் பருவத்தில், எந்த வாகனத்தில், எவ்வளவு மரக்கறி போகின்றது என்ற விநியோக வலையமைப்பை முதலில் வரைந்து, அதற்குள் இந்தக் கட்டடம் செய்ய வேண்டிய வேலை இன்னதென்று தீர்மானித்த பின்னர் அத்திவாரம் இட்டதாகத் தெரியவில்லை. வவுனியாவிலும் இதுவே நடந்தது. 2016இல் ஓமந்தையா, தாண்டிக்குளமா என்று மாதக்கணக்கில் வாதிட்டோம். கடைசியில் மதகுவைத்தகுளத்தில் கட்டிய நிலையம் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது. இடத்தைப் பற்றி அவ்வளவு பேசிய நாம், அந்த இடத்தில் என்ன வேலை நடக்க வேண்டும் என்பதைப் பற்றி மிகக் குறைவாகவே பேசினோம்.

குடாநாட்டின் மேற்கே உள்ள வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களில் விளைபவை விடிவதற்கு முன்னரே மருதனார்மடம், சுன்னாகம், திருநெல்வேலிச் சந்தைகளுக்கு வந்து சேர்ந்துவிடுகின்றன. சைக்கிளில் இரண்டு மூட்டை கட்டிக்கொண்டு வருபவரும், லான்ட்மாஸ்டர் என்னும் இருசக்கர உழவு இயந்திரத்தில் ஏற்றி வருபவரும் ஒரு மணி நேரத்துக்குள் விற்றுவிட்டுத் தண்ணீர் இறைக்கத் தோட்டத்துக்குத் திரும்ப வேண்டியவர்கள். அவர்களைத் தென்மராட்சிக்கு வந்து விற்கச் சொன்னால், அந்தப் பயணச் செலவை யார் ஏற்பது? கமக்காரர் பழக்கத்தை விட மறுக்கிறார் என்று குறை சொல்வது அநியாயம். அவருடைய கணக்கு மிகச் சரியானது. சேகரிப்பு நிலையம் விளையும் இடத்துக்கு அருகில்தான் இருக்க வேண்டும்; அந்தச் சேகரிப்பு நிலையங்கள் நம்மிடம் ஏற்கெனவே சந்தைகளாக இருக்கின்றன. கொடிகாமத்துக்கும் அச்சுவேலிக்கும் நெல்லியடிக்கும் இது பொருந்தும்.

அப்படியானால் மட்டுவில் நிலையத்தால் பயனில்லையா என்றால், பயன் உண்டு. குடாநாட்டை விட்டு வெளியேறும் சரக்கு எந்தச் சந்தையில் ஏற்றப்பட்டாலும் பெரும்பாலும் தென்மராட்சியைக் கடந்து ஏ9 வீதியால் குடாநாட்டின் வாயிலான ஆனையிறவுக்குப் போகின்றது. தெற்கிலிருந்து வரும் கரட், கோவா, லீக்ஸ், பலசரக்கு ஆகியனவும் அதே வழியால் உள்ளே வருகின்றன. ஆகவே இரண்டு ஓட்டங்களும் சந்திக்கும் இடத்துக்கு அருகில் அந்தக் கட்டடம் இருக்கின்றது. அதைக் கமக்காரர் விற்க வரும் சந்தையாக்காமல், லொறிகள் சரக்கை மாற்றிக்கொள்ளும் இணைப்பு நிலையமாக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. சந்தைகளில் வாங்கிய மரக்கறியைச் சிறிய வாகனங்கள் அங்கே கொண்டுவந்து சேர்க்க, ஊர் வாரியாகவும் பொருள் வாரியாகவும் பிரித்து, தெற்கே போகும் பெரிய லொறிகளில் நிறைய ஏற்ற வேண்டும். தெற்கிலிருந்து வரும் லொறி குடாநாட்டின் ஒவ்வொரு கடைத்தெருவாக அலையாமல் அங்கேயே இறக்கிவிட்டு, அதே நாளில் திரும்பும் வழிக்கான சரக்குடன், அதாவது திரும்புசுமையுடன் புறப்பட வேண்டும். இரவு தங்கும் சரக்குக் குறைவாகவும் ஓடிக்கொண்டிருக்கும் சரக்கு அதிகமாகவும் இருக்க வேண்டிய இடம் அது. கடைத்தொகுதியை விட, லொறிகள் பின்னோக்கி வந்து நிற்கக்கூடிய உயர்ந்த மேடையும், அகலமான திருப்புமிடமும், நம்பத்தக்க தராசும் அங்கே முக்கியம்.

திரும்புசுமையின் அருமையும் நிறைந்த சுமையின் அருமையும் லொறி ஓட்டியவர்களுக்குத் தெரியும். யாழ்ப்பாணத்திலிருந்து, மரக்கறி மொத்தச் சந்தை உள்ள தம்புள்ளைக்கு ஏறத்தாழ 250 கிலோமீற்றர், போய்வர 500. லொறி நிறைந்து போனாலும் பாதியாகப் போனாலும் டீசலும் சாரதியின் கூலியும் பெரிதாக மாறுவதில்லை என்பதால், நான்கு வியாபாரிகள் தனித்தனியே அரைச்சுமையாக அனுப்பும் நான்கு லொறிகளின் வேலையை இரண்டு லொறிகள் செய்துவிடும். எஞ்சிய இரண்டு பயணங்களின் செலவை இன்று யார் கொடுக்கிறார்கள் என்று கேட்டால், விற்றவரும் வாங்கி உண்பவரும் பங்கிட்டுக் கொடுக்கிறார்கள் என்பதுதான் விடை.

தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தைக் குறை சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரும் வீதியும் குருநாகல் வழியாகத் திருகோணமலைக்குப் போகும் வீதியும் சந்திக்கின்ற அந்த ஊரில் 1999இல் அதை அமைத்தவர்கள், மலையகத்து விளைச்சலையும் வறண்ட வலயத்து விளைச்சலையும் ஒரே முற்றத்தில் சந்திக்க வைத்தார்கள். நாடு முழுவதற்கும் பொருத்தமான அந்த மையம், குடாநாட்டுக்குள் விளைந்து வடக்குக்குள்ளேயே உண்ணப்படும் பொருளுக்கும் இடைத்தங்கலாகிவிடுவதுதான் வருத்தத்துக்குரியது. இங்கிருந்து போன சின்ன வெங்காயம் அங்கே கைமாறித் திரும்பி வந்து கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ விற்கப்படுமானால், அந்தத் தூரம் உண்பவருக்கு எதையும் கூட்டிக் கொடுப்பதில்லை.

கைமாற்றங்களால் ஏற்படும் சேதத்தை ஒரு கத்தரிக்காய் மூட்டையைப் பின்தொடர்ந்தாலே பார்க்கலாம். தோட்டத்தில் உரப்பைக்குள் அமுக்கித் திணித்து, வாயைத் தைத்து, சைக்கிள் கரியரில் கயிற்றால் இறுக்குகிறார்கள். சந்தைத் தரையில் அதைத் தொப்பென்று போட்டு, கொக்கியால் இழுத்துத் தராசில் வைக்கிறார்கள். பின்னர் லொறியில் ஏழெட்டு அடுக்குக்குக் கீழே அது கிடக்க, மேல் அடுக்கில் ஏற்றுகூலிகள் ஏறி நின்று அடுத்த மூட்டையை வாங்குகிறார்கள். தம்புள்ளையில் இறக்கி ஏற்றும்போது அதே சீர் மறுபடியும் நடக்கின்றது. கொழும்பில் பையை அவிழ்க்கும்போது அடியில் இருந்தவை கறுத்து நசிந்திருக்கும். மரக்கறியிலும் பழத்திலும் அறுவடைக்குப் பின்னர் 30 முதல் 40 வீதம் வரை வீணாகின்றது என்று இந்நாட்டில் பொதுவாக மதிப்பிடப்படுவது இப்படித்தான் உருவாகின்றது. அந்த இழப்பை வியாபாரி தன் தலையில் ஏற்பதில்லை. நம் சந்தைகளில் 100 கிலோ கொடுத்தவருக்கு 90 கிலோவுக்குப் பணம் கொடுக்கும் ‘கழிவு’ வழக்கம், பின்னால் வரப்போகும் சேதத்தைத் தோட்டக்காரரிடம் முன்கூட்டியே வசூலித்துவிடுகின்றது. கழிவை நிறுத்த வேண்டும் என்ற கோரிக்கையை நான் முழுமனதுடன் ஆதரிக்கிறேன். ஆனால் மூட்டை கைமாறும் தடவைகள் குறையாதவரை, ஒரு பெயரில் நிறுத்திய கழிவு வேறொரு பெயரில் திரும்பி வரும் என்ற அச்சமும் எனக்கு உண்டு.

சாக்குக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் கூடைகளைக் கட்டாயமாக்க 2011ஆம் ஆண்டின் இறுதியில் நாடளாவிய ரீதியில் எடுத்த முயற்சி எதிர்ப்பினால் தடைப்பட்டது. கூடை நல்லது என்பதில் ஐயமில்லை. ஆனால் மரக்கறியோடு போன கூடை வெறுமையாகத் திரும்பி வர வேண்டுமே! அதற்கு யார் வாடகை கொடுப்பது, தொலைந்தால் யார் பொறுப்பு என்ற கேள்விகளுக்கு அன்று ஏற்பாடு இருக்கவில்லை. நிறைகூடையைக் கொடுத்து அதே எண்ணிக்கையில் வெறுங்கூடையைப் பெற்றுச் செல்லும் இணைப்பு நிலையம் ஒன்று இருந்தால்தான் கூடை ஓடும். ஒன்றுக்குள் ஒன்று செருகக்கூடிய கூடைகளாக இருந்தால், திரும்பும் லொறியில் அவை பிடிக்கும் இடமும் சொற்பம்.

குளிரறை பற்றியும் ஒரு வார்த்தை. தம்புள்ளையில் இந்திய உதவியுடன் 5000 மெற்றிக் தொன் கொள்ளளவுள்ள வெப்பநிலை கட்டுப்பாட்டுக் களஞ்சியம் 2025இல் திறக்கப்பட்ட பின்னர், நமக்கும் ஒன்று வேண்டும் என்ற குரல் இயல்பானதே. எனினும் ஒரே வெப்பநிலையில் ஒரு பெரிய அறை நமக்கு உதவாது. கரட்டும் பீற்றூட்டும் உறைநிலைக்குச் சற்று மேலான குளிரையும் மிகுந்த ஈரப்பதத்தையும் விரும்புபவை. நீர்வேலி வாழைக்குலையை 13 பாகை செல்சியசுக்குக் கீழே வைத்தால் தோல் கறுத்து, பிறகு ஒழுங்காகப் பழுக்காது. கத்தரிக்காய்க்கும் கடுங்குளிர் ஆகாது. சின்ன வெங்காயத்துக்கோ ஈரமே எமன். கட்டுக் கட்டாகத் தொங்கவிட்டு, காற்றோடும் கொட்டிலில் வைப்பதே போதுமானது என்பதை நம் தோட்டக்காரர்கள் அனுபவத்தால் அறிவார்கள். ஆகவே கேட்க வேண்டியது வெவ்வேறு வெப்பநிலையுள்ள சில சிறிய அறைகளும், வெங்காயத்துக்குக் காற்றோட்டமான கொட்டில்களும். கொட்டில்கள் சேகரிப்புச் சந்தைகளுக்கு அருகிலும், அறைகள் மட்டுவிலிலும் இருக்கலாம்.

எத்தனை களஞ்சியங்கள் தேவை என்பதில் ஏட்டில் உள்ள விதிக்கும் நம் ஊர் நிலைமைக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். களஞ்சியங்களை ஒன்றாக்கினால் தட்டுப்பாட்டுக்கென வைத்திருக்கும் மேலதிக இருப்புக் குறையும் என்பது விநியோக முகாமைத்துவத்தில் நன்கறிந்த விதி. நான்கை ஒன்றாக்கினால் அது பாதியாகலாம். ஓரிடத்தில் கேள்வி, அதாவது வாங்குவோரின் தேவை, கூடுவதற்கும் இன்னோரிடத்தில் கூடுவதற்கும் தொடர்பில்லை என்ற எண்ணத்தில் அமைந்த விதி அது. குடாநாட்டில் அப்படியா நடக்கின்றது? நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் மச்சம் மாமிசம் தவிர்க்கும் வீடுகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. மரக்கறியின் கேள்வி சாவகச்சேரியிலும் சங்கானையிலும் ஒரே நேரத்தில்தான் ஏறும். பொங்கலுக்கும் அப்படியே. ஆகவே எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவிப்பதால் ஏட்டில் கிடைக்கும் முழுச் சிக்கனமும் இங்கே கிடைக்காது. மேலும், 2006 ஆகஸ்ட்டில் முகமாலையில் ஏ9 வீதி மூடப்பட்ட பின்னர், கப்பலில் வந்த உணவுப் பொருட்கள் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களின் கிளைகள் ஊர்தோறும் இருந்தபடியால்தான் குடும்பம் குடும்பமாகப் போய்ச் சேர்ந்தன. அரிசி, மா, சீனி, பருப்பு போன்ற கெடாத பொருட்களை ஊர்க்கிளைகளில் பரவலாகவும், கெடும் பொருட்களை எங்கும் தேங்காமல் ஓடவிட்டும் வைப்பதே நமக்கு ஏற்றது.

தீவகத்துக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். நெடுந்தீவுக்குப் போகும் பொருள் குறிகட்டுவான் இறங்குதுறையில் லொறியிலிருந்து இறங்கி, ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடலைக் கடக்க வேண்டும். மாரியில் கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. வரும் நாளே நிச்சயமில்லாத இடத்தில் இருப்பைக் கூட்டி வைப்பதை வீண்செலவு என்று கணக்காய்வாளர் எழுதக்கூடாது.

மாவட்டச் செயலகமும் மாகாண விவசாய அமைச்சும் ஒரு வருடத்துக்கு ஆனையிறவைக் கடந்து வரும், போகும் மரக்கறி லொறிகளைப் பொருள், நிறை, புறப்பட்ட சந்தை, திரும்புசுமை ஆகிய விபரங்களுடன் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவு கையில் வரும்வரை புதிய கட்டடம் எதற்கும் பணம் ஒதுக்க வேண்டாம். முதற்கட்டமாக மருதனார்மடத்திலிருந்தும் நீர்வேலியிலிருந்தும் வெளியே போகும் வாழைக்குலைகளை மட்டும் மட்டுவில் வழியாக இணைத்து அனுப்பிப் பார்க்கலாம். கழிவில்லாமல் நிறுத்து, கூடையில் ஏற்றி, சேதம் எவ்வளவு என்பதைக் கமக்காரர் அமைப்புகளின் முன்னிலையில் கணக்கிடலாம். தங்கள் பத்திரிகையில் நாளாந்தம் வெளிவரும் சந்தை விலைகளுக்கு அருகில், முதல்நாள் குடாநாட்டிலிருந்து வெளியேறிய அளவையும் ஒரு வரியில் வெளியிட்டால், எந்தப் பயிரை எப்போது நடுவது என்று தீர்மானிக்கும் தோட்டக்காரருக்கு அது பெரிதும் உதவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவுப் பணியாளர்,
சுன்னாகம்.