முள் குத்தினாலும் ஊசி தேவை

ஆசிரியருக்கு,

துருப்பிடித்த ஆணி குத்தினால்தான் ரணஜன்னி (டெட்டனஸ்) வரும் என்ற எண்ணம் இன்னும் மாறவில்லை. நோய்க்குக் காரணம் துரு அல்ல, கிளாஸ்ட்ரிடியம் டெட்டனி என்ற பாக்டீரியா. அதன் வித்துகள் மண்ணிலும் சாணத்திலும் இருக்கின்றன. வயலில் காலில் ஏறும் ஒரு கருவேல முள்ளே போதும். ஆழமான, வாய் குறுகிய காயத்துக்குள் ஆக்ஸிஜன் எட்டாது. அங்கேதான் வித்து முளைத்து நச்சைச் சுரக்கிறது. தசையைத் தளரச் சொல்லும் நரம்புச் சமிக்ஞையை அந்த நச்சு தடுத்துவிடுவதால், இறுகிய தசை இறுகியபடியே நிற்கும். பெரும்பாலும் முதலில் தாடை இறுகி வாயைத் திறக்க முடியாது; பிறகு கழுத்து, முதுகு. அறிகுறி தெரிய பொதுவாக 3 முதல் 21 நாட்கள் ஆகும். அதற்குள் முள் குத்தியதே மறந்துபோயிருக்கும்.

காயத்தில் சாணமோ மண்ணோ பூசவே கூடாது. ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். முள் முனை உள்ளே முறிந்திருந்தால் அதையும் எடுத்தாக வேண்டும். 16 வயதில் போடும் டி.டி. ஊசியோடு (ரணஜன்னி, தொண்டை அடைப்பான் தடுப்பூசி) பலர் நின்றுவிடுகிறார்கள்; அது ஆயுள் முழுக்கப் போதாது. ஒருமுறை நோய் வந்து பிழைத்தவருக்கும் எதிர்ப்பாற்றல் உண்டாவதில்லை, அவருக்கும் ஊசி வேண்டும். நடவு, அறுவடைக்கு முன் கிராமங்களில் பெரியவர்களுக்கென்றே தடுப்பூசி முகாம் நடத்த சுகாதாரத் துறை முன்வர வேண்டும்.